பச்சைப் புள்ளி

“இதுவும் செத்துப்போச்சுங்க டீச்சர்,” என்றார் மருதாசலம்.

பர்வீன் வேறொரு கணினியின் மூடியில் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மருதாசலத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. உடுமலையில் நூற்பாலையை மூடியபோது, இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர் ஒரே நாளில் வெறும் ஆளாகிவிட்டார். மகள் வயதுப் பெண்ணிடம் ரிப்பேர் வேலை கற்றுக்கொள்ள வந்து உட்காருவதற்குத் தனி தைரியம் வேண்டும். அது அவரிடம் நிறையவே இருந்தது. இந்த மாதம்தான் ஆட்டம் கண்டுவிட்டது.

“ஒரே மாசத்துல இது மூணாவதுங்க. இதையும் எழுப்ப முடியலைன்னா நான் இதுக்கு லாயக்கில்லை. சாயங்காலமே கிளம்பிடறேன்.”

“என்னென்ன பார்த்தீங்கண்ணா?”

“ஒயர் மாத்துனேன். பவர் சப்ளை புதுசு போட்டேன். மெமரி ராமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சேன். பொத்தானை அமுக்கி அமுக்கி விரலே வலிக்குதுங்க. ஒரு சத்தம் இல்லை.”

“சத்தம் இல்லைன்னா?”

“உசுரு இல்லைன்னுதானுங்களே அர்த்தம்?”

மில்லில் அப்படித்தான். உயிருள்ள மிஷின் காதைப் பிளக்கும்.

பர்வீன் எழுந்து வந்தாள். திறந்து கிடந்த பெட்டிக்குக் கரன்ட் கொடுத்தாள். பிறகு ஒரு கருவியையும் தொடாமல் நேரே போய் ட்யூப் லைட்டை அணைத்தாள். மேசை விளக்கையும் அணைத்தாள். ஷட்டரை முக்கால்வாசி இறக்கினாள்.

“ஒண்ணுமே தெரியலைங்களே.”

“இருங்க.”

இருந்தார். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

ஒயர்களுக்கு அடியில், மதர்போர்டின் ஓரத்தில், கடுகளவு பச்சை வெளிச்சம்.

“இது எப்ப வந்துச்சுங்க?”

“நீங்க கரன்ட் கொடுத்தப்பெல்லாம் இருந்துச்சு.”

“நான் செத்துப்போச்சுன்னு சொன்னப்ப?”

“அப்பவும்.”

மருதாசலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு நாளாக இதன் முகத்துக்கு நேரே குனிந்து உட்கார்ந்து, பொத்தானை அமுக்கி, அலுத்து, வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறார். அத்தனை நேரமும் அது விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பர்வீன் பொத்தானிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்களை மதர்போர்டிலிருந்து உருவினாள். அவை இருந்த இடத்தில் இரண்டு ஊசிகள் நின்றன. ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தாள்.

“நுனியால ரெண்டையும் சேர்த்து ஒரு தொடு தொடுங்க. தொட்டதும் எடுத்துடுங்க.”

“பொத்தான் இல்லாமயா?”

“பொத்தான் செய்யறதும் இதுதாங்கண்ணா.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டார்.

ஃபேன் சுழன்றது. ஹார்ட் டிஸ்க் முணுமுணுத்தது. திரை வெளுத்தது.

மருதாசலம் கலங்கிய கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. சாயங்காலம் கிளம்புவதாகச் சொன்னது அவருக்குச் சுத்தமாக மறந்தே போயிற்று.

பர்வீன் ஒரு பல்குச்சியால் பொத்தானின் இடுக்கைக் கிளறினாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, கூடவே குங்குமம். ஆயுதபூஜை முடிந்து ஐந்தாறு நாள்தான் ஆகிறது. பெட்டி எழுந்திருக்கிற இடத்திலேயே சாமியின் அருள் இருக்கட்டும் என்று, பெட்டிக்குச் சொந்தக்காரி பொத்தான்மேலேயே பொட்டு வைத்திருந்தாள். உள்ளே போன பொத்தான் அதற்குப் பிறகு முழுசாக வெளியே வரவே இல்லை.

“யாரோ அமுக்கிக்கிட்டே இருக்காங்க, விரலை எடுக்கட்டும்னு பாவம் காத்துக்கிட்டு இருந்திருக்கு,” என்றாள் பர்வீன். ஷட்டரைத் தூக்கிவிட்டு, தன் இடத்துக்குப் போய் வேலையைப் பார்க்கத் தொடங்கினாள்.

மத்தியானம் பெட்டியின் சொந்தக்காரி வந்தாள். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தெய்வானை.

“செத்துப்போச்சுன்னு போன்ல சொன்னீங்க. எடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்.”

மருதாசலம் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். தெய்வானை கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள்.

“அடுத்த வருஷம் பொட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கம்மா. பொத்தான் ஒட்டிக்கிச்சு.”

“அடப்பாவமே. இதுக்கா செத்துப்போச்சுன்னீங்க?”

மருதாசலம் பர்வீனைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

“அது வேற கோளாறுங்க,” என்றார். “இங்க வெளிச்சம் ஜாஸ்தியா இருந்துச்சு.”