நாயனம் நின்ற சூளை

வேலப்பருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் குருவாக வரித்துக்கொண்ட பூவரசு மடத்துச் சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊரில் சிலர் சிரித்தார்கள். வேலப்பர் அதைப் பொருட்படுத்தவில்லை. சிரித்தவர்களின் பெயரை மட்டும் மறக்கவில்லை.

தம் செங்கல் சூளைக்கு நெருப்பு வைப்பதற்கு முந்தின நாள் காலையில் அவர் மடத்துக்கு வந்தார். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன. அறுபதாயிரம் பச்சைக் கல் அடுக்கி முடிந்திருந்தது. வீட்டை அடமானம் வைத்துச் செய்த வேலை. மேற்கே வானம் இரண்டு நாளாகக் கனத்துக் கிடந்தது. மழை பிடிப்பதற்குள் சூளை பற்றிக்கொள்ள வேண்டும். இந்த நேரம் பார்த்து ஊர்க்காரர்களின் தொல்லை வேறு.

மூன்று வருஷமாக அவர் விறகை விட்டுப் பழைய டயர்களை எரித்து வந்தார். செலவில் பாதி மிச்சம். புகை மேலத்தெருப் பக்கம் போனது. அவர் வீடு கிழக்கே இருந்தது.

மல்லிகையில் கரி படிந்து சந்தையில் பாதி விலைக்குப் போகிறது என்று ஒருத்தி வந்து அழுததையும், மூச்சிரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே மாதத்தில் பாதிக் கூலி போகிறது என்று இன்னொருத்தி மண்ணை வாரித் தூற்றியதையும் அவர் சாமியிடம் ஒப்பித்தார்.

"இவங்க பேச்சைக் கேட்டு விறகு வாங்கினா கல் விலையை ஏத்தணும். ஏத்தினா வாங்க ஆளில்லை. நாப்பது குடும்பம் என் சூளையை நம்பி உலை வைக்குது. புகை காத்தோட போற சரக்கு சாமி. அதுக்கு ஒரு விலை உண்டா?"

சாமி பேச்சைச் சூளைப் பக்கம் திருப்பினார்.

"நாளைக்கு நெருப்பு வைக்க வரேன். நாயனத்துக்கு யார்?"

அது வேலப்பரின் அப்பா காலத்து வழக்கம். பந்தம் கொளுத்தியதிலிருந்து சூளையின் உச்சியில் முதல் புகை தெரியும்வரை நாயனம் நிற்கக் கூடாது. நின்றால் கல் வேகாது, நெருப்பு ஆள் கேட்கும் என்பது சூளைக் கூலிக்காரர்களின் நம்பிக்கை. மேலத்தெரு ரத்தினசபாபதிதான் வருஷா வருஷம் வாசிப்பார்.

"அவர்தான். இந்த வருஷம் முடியாதுன்னு சொல்லி அனுப்பினார். கூலியை ஏத்தத்தான் இந்தப் பிகு, எனக்குத் தெரியாதா? ஐந்நூறு கூட வச்சு அனுப்பினேன். வரேன்னுட்டார்."

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்களா?"

"அந்தத் தெருவில் எனக்கு என்ன வேலை?"



மறுநாள் கூலிக்காரர்கள் சூளையைச் சுற்றி நின்றார்கள். ரத்தினசபாபதி வந்தபோது வேலப்பருக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டைக்குள் ஆள் பாதியாகியிருந்தார். அந்த முகூர்த்த மாதத்தில் எட்டுக் கல்யாணங்களை அவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று தவில்காரர் சூளை மேஸ்திரியிடம் சொல்வது காதில் விழுந்தது. வேலப்பர் வானத்தைப் பார்த்தார். ஈரக்காற்று முகத்தில் அடித்தது.

சாமி பந்தத்தைக் கொளுத்தினார். தவில் முழங்கியது. ரத்தினசபாபதி சீவாளியை உதட்டில் வைத்தார்.

முதல் இழை நன்றாகத்தான் வந்தது. சாமி சூளை வாயை நோக்கி நாலடி வைத்தார். நாயனம் கம்மியது. இன்னும் நாலடி. அது அறுந்தது.

ரத்தினசபாபதி குனிந்து இருமினார். வாயைத் துடைத்த துண்டில் கறுப்பாக ஒட்டியிருந்தது. மறுபடியும் நாயனத்தைத் தூக்கினார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. தவில்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

"ஊதுங்க. கேட்டதைத் தரேன், ஊதுங்க" என்றார் வேலப்பர்.

"கேட்கிறதுக்கு எங்கிட்ட மூச்சு இருந்தாத்தானே முதலாளி" என்றார் ரத்தினசபாபதி.

மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாயனம் நின்ற சூளையில் தம் ஆட்கள் நிற்க மாட்டார்கள் என்றார். வேறு நாயனச் செட்டுக்குச் சொல்லலாம் என்று வேலப்பர் போனை எடுத்தார். கிடைத்த ஒரே செட்டும் வந்து சேரச் சாயங்காலமாகும் என்றது. கூலிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தார்கள்.

சாமி பந்தத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். அது சீறி அணைந்தது.

பச்சைக் கல் அடுக்கின்மேல் முதல் துளி விழுந்தது. வேலப்பர் ஓடிப்போய் உள்ளங்கையால் அந்த ஈரத்தை மூடினார். அடுத்த துளி வேறு கல்லில் விழுந்தது.

"சாமி, அத்தனையும் சேறாயிடும். வீடு போயிடும். இதுக்கெல்லாம் யார் ஈடு கொடுப்பா?"

மடியில் நாயனத்தைக் கிடத்தியபடி தரையில் உட்கார்ந்திருந்த ரத்தினசபாபதியைச் சாமி பார்த்தார்.

"நேத்து புகைக்கு விலை கேட்டீங்களே வேலப்பரே. அவர் மூணு வருஷமாக் கட்டிட்டு வரார். உங்ககிட்ட இன்னிக்குத்தான் புகை அச்சாரம் கேட்குது."