சடையன் கரடியின் திராட்சை மது

மலையடிக் காட்டில் சடையன் என்ற கரடி இருந்தான். அவனுக்கு மருதாயி என்று ஒரு தங்கை. பெற்றோர் விட்டுச் சென்ற மலைச்சரிவு ஒன்றுதான் இருவருக்கும் சொத்து.

அப்பா கரடி அந்தச் சரிவில் வள்ளிக்கிழங்கு போட்டு வந்தது. மண் களைத்துவிட்டதோ என்னவோ, கிழங்கு வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே போனது. ஓரத்துப் பாறைகளில் மட்டும் காட்டுத் திராட்சைக் கொடி தழைத்துக் கிடந்தது.

"அண்ணே, கிழங்கை விட்டுட்டு இந்தக் கொடியையே சரிவு முழுக்க நட்டா என்ன?" என்று கேட்டாள் மருதாயி.

"நட்டு? பறவைக்கெல்லாம் விருந்து வைக்கவா?"

"பிழிஞ்சு மது செய்வோம்!"

சடையன் வாய்விட்டுச் சிரித்தான். ஆனாலும் மறுநாளே குழி தோண்டத் தொடங்கிவிட்டான்.

முதல் வருஷம் மது முழுவதும் காடியாகப் புளித்துப் போயிற்று. இரண்டு பேரும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வருஷம் பானை வாயைத் தேன்மெழுகால் இறுக அடைத்தார்கள். உள்ளே நுரைத்த மது பானையையே உடைத்துக்கொண்டு வெளியே வந்தது! மூன்றாம் வருஷம் நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து அடைத்தார்கள். அப்போதுதான் கைகூடியது.

சடையன் பந்தல் போட்டான். பழத்தை மிதித்துப் பிழிந்தான். பானைகளை உருட்டினான். எல்லாம் தோள்பலத்தில் நடக்கும் வேலை. மருதாயிக்கோ மூக்குதான் பலம். காலையில் பனி காய்ந்ததும் ஒவ்வொரு கொத்தாக முகர்ந்துகொண்டே போவாள். பறிக்கும் நாளை அவள்தான் சொல்வாள்.

"எல்லாம் கறுத்தாச்சே, பறிக்கலாமே!" என்று சடையன் பறப்பான்.

"கறுத்தா போதுமா? கொட்டையில் இன்னும் பச்சை வாடை அடிக்குது. நாலு நாள் போகட்டும்."

அந்த நாலு நாளில்தான் ருசி இருந்தது. மான் வீட்டுக் கல்யாணத்தில் அந்த மதுவைக் குடித்தவர்கள் காடு முழுக்கச் சொல்லித் திரிந்தார்கள். பேச்சு சிங்கராஜா காதுக்கும் எட்டியது. வசந்த விழாவுக்கு மதுவோடு வரும்படி அழைப்பு வந்தது.

குரங்குகள் நாவல்பழ மது கொண்டுவந்திருந்தன. யானைகள் இலுப்பைப்பூ மது கொண்டுவந்திருந்தன. சிங்கராஜா எல்லாவற்றையும் ருசி பார்த்தது. சடையனின் பானைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டது.

"ஆகா! இதற்கு ஈடு இந்தக் காட்டிலேயே இல்லை! யார் செய்தது?"

சபை முழுக்கச் சடையனைப் பார்த்தது. அவனுக்கு நெஞ்சு விம்மியது.

"நான்தான், மகாராஜா!"

"பின்னால் நிற்கிறதே, அது யார்?"

மருதாயி பானையருகில் நின்றாள். முன்னங்கால் இரண்டிலும் திராட்சைக் கறை இன்னும் போகாமல் இருந்தது.

"அவளா? பானை தூக்க வந்தவள், மகாராஜா" என்றான் சடையன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. சிங்கராஜா தலையாட்டிவிட்டு, "இன்றுமுதல் இது சடையன் மது!" என்று அறிவித்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மருதாயி முன்னால் நடந்தாள். ஓடையைத் தாண்டும்போது சடையனே ஆரம்பித்தான்.

"ராஜாவைப் பார்த்ததும் பதறிட்டேன், மருதாயி. அடுத்த விழாவுல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"சரி, அண்ணே."

அடுத்த விழாவில் அண்டைக் காட்டு ராஜாக்கள் வந்திருந்தார்கள். அத்தனை பெரிய இடத்தில் பழைய பேச்சைத் திருத்துவது அவமானம் என்று நினைத்தான். அதற்கடுத்த விழாவில் அவன் கழுத்தில் மாலை விழுந்தது. மாலையோடு எப்படிச் சொல்வது? மூன்றாவது விழாவில் அவனுக்கு அந்த நினைப்பே வரவில்லை.

மருதாயி மூன்று விழாவுக்கும் கூடவே வந்தாள். மூன்று முறையும் அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கடுத்த வருஷம், கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்த மறுநாள் காலையில், அவளைக் காணவில்லை. வெட்டிய கிளைகளைக்கூடக் கூட்டி ஒதுக்கிவிட்டுத்தான் போயிருந்தாள்.

"கோபம். பழம் கனிஞ்சா வந்துடுவா" என்று சடையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பழம் கறுத்தது. அவள் வரவில்லை. சடையன் கொத்துகளை முகர்ந்து முகர்ந்து பார்த்தான். அவனுக்கு எல்லாம் திராட்சை வாடையாகத்தான் இருந்தது. நாளைக் குத்துமதிப்பாக வைத்துப் பறித்துவிட்டான்.

மது தெளிந்ததும் ஒரு மிடறு குடித்தான். நாக்கு துவர்த்தது. தொண்டையில் பச்சை வாடை ஏறியது. ராஜா துப்பிவிடுவார் என்ற பயத்தோடே விழாவுக்குப் போனான்.

சிங்கராஜா குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. "ஆகா! சடையன் மது என்றால் சடையன் மதுதான்!"

சபை ஆர்ப்பரித்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் வித்தியாசம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இதைத் தெரிந்துகொள்ளக்கூடிய இன்னொருத்தி அங்கே இல்லை. சடையனுக்குத் தாங்கவில்லை.

"மகாராஜா! இது நல்ல மது இல்லை! நல்ல மதுவைச் செய்தவள் என் தங்கை மருதாயி. கொடியை நட யோசனை சொன்னது அவள். பறிக்கும் நாளைச் சொன்னது அவள். நான் உங்களிடம் பொய் சொன்னேன்!"

சிங்கராஜா பிடரி குலுங்கச் சிரித்தது.

"பார்த்தீர்களா! இவ்வளவு பேர் வாங்கியும் எவ்வளவு அடக்கம்! பானை தூக்கியவளுக்குக்கூடப் புகழைப் பங்கு போடுகிறான்! இவனுக்கு இன்னொரு மாலை போடுங்கள்!"

"அடக்கம் இல்லை, மகாராஜா! உண்மை!" என்று கத்தினான் சடையன். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே அவன் தங்கையைத் தேடிப் போனான். பல நாள் அலைந்து, மூன்று மலை தாண்டிக் கண்டுபிடித்தான். அவள் அங்கே கிழங்கு பயிரிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் கிழங்கு சுட்டு, இலையில் வைத்துத் தந்தாள். அவன் கொண்டுவந்த மதுக் குடுவையை வாங்கி முகர்ந்தாள்.

"ஆறு நாள் முந்திப் பறிச்சிட்டே, அண்ணே."

சடையனின் கண் கலங்கியது. "ராஜாகிட்டே சொல்லிட்டேன், மருதாயி. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்!"

"நம்பினாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வீட்டுக்கு வந்துடு" என்றான்.

"உன்மேல கோபம் இல்லை, அண்ணே. ஆனா நான் அங்கே வந்தா என்னை யாருன்னு சொல்லுவாங்க?"

சடையன் குடுவையை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் வழித்துணையாகப் பக்கத்து ஓடைவரை வந்தாள். அங்கிருந்து அவன் தனியாக நடந்தான்.

உழைத்தவர் பெயரைச் சொல்லவேண்டிய வேளையில் சொல்லாமல் விழுங்கியவன், பின்னால் எத்தனை உரக்கச் சொன்னாலும் அது உண்மையாக யார் காதிலும் விழாது.