வாய் திறக்காத வீடு

முன்னொரு காலத்தில் தென்னிலைச் சீமையைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தபோது, சிலம்பாயி என்று ஒருத்தி வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுச் சேவகர்கள்.

"உன் புருஷன் உலகன் எங்கே?"

முறம்தான் சத்தம் போட்டது. அவள் நிமிரவே இல்லை. ஆனால் தானியம் பாதி மண்ணில் கொட்டியது.

விஷயம் இதுதான். கொற்றவேல ராஜாவுக்கு நேற்று நடந்தது இன்று நினைவிருக்காது; ஆனால் சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டார். வியாழக்கிழமை ஓர் ஓலைக்கு முத்திரை வைக்கப் போனார். விரலில் மோதிரம் இல்லை. "சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக் கழற்றி, எண்ணெய் தேய்க்கிற உலகனிடம்தானே கொடுத்தேன்!" என்றார். அது காதில் விழுந்ததுமே உலகன் ஓடிவிட்டான். ஓடாமல் என்ன செய்வான்? போன வருஷம் விசாரணைக்குப் போன தோட்டக்காரன், செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டு ஒரு கையோடுதான் வீட்டுக்கு வந்தான்.

விசாரணை செய்கிறவர் மகுடராயர். ஒரே வீட்டு ஆட்களைத் தனித்தனியாக நிறுத்திக் கேட்பார். சொல் ஒத்துப்போனால் உண்மை, ஒத்துப்போகாவிட்டால் பொய். அவ்வளவுதான் அவருடைய வித்தை.

சேவகர்கள் போனதும் மாமியார் மூக்காயி பாய்ந்தாள். "ஏன்டி வாயடைச்சு உக்காந்திருக்கே? சனிக்கிழமை என் மகன் ஒழுங்கா அரண்மனைக்குப் போனான்னு சொல்லேன்!"

"போகலையே அத்தை. நான் தண்ணி எடுத்துட்டு வரும்போது கூரை மேஞ்சுக்கிட்டு இருந்தாங்களே?"

"போனான்டி! என் கண்ணாலே பார்த்தேன்."

சிலம்பாயி முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு சொல்லும் ஓலையில் ஏறினால், அவள் புருஷனுக்குக் கை இருக்காது.

கூலியாகக் கொடுக்கக் கிடாரிக் கன்றைப் பிடித்துக்கொண்டு நேரே மாட்டுத் தரகர் பெருமாண்டியிடம் போனாள். "எங்களுக்காக நீங்க பேசணும், அண்ணே."

பெருமாண்டி எல்லாம் கேட்டார். கடைசியில், "அன்னிக்கு உங்க வீட்டிலே என்ன சமையல்?" என்றார்.

"வாழைக்காய். அன்னிக்கு அமாவாசை இல்லே?"

பெருமாண்டி எழுந்தே நின்றுவிட்டார். "அமாவாசையிலே யாரும்மா எண்ணெய் தேய்ப்பாங்க? அதான் போன மனுஷன் உடனே திரும்பியிருக்கான். ஆனா மகாராஜா சொன்னது தப்புன்னு நாம சொன்னா கை போகாது, தலையே போகும். சொல்லவேண்டியவங்க சொல்லட்டும். நீயும் உன் மாமியாரும் மூச்சுக்கூட விடாதீங்க."

மறுநாள் சபையில் மாமியாரும் மருமகளும் வாய் திறக்காமல் நிற்க, அவர்களுக்காகத் தான் பேசுவதாகப் பெருமாண்டி சொன்னதும் மகுடராயர் சிரித்தார். "கேட்டீர்களா அரசே! குற்றம் இல்லாதவர்கள் எதற்கு மாட்டுத் தரகனை அழைத்துவர வேண்டும்? ஊமைகளா இவர்கள்?"

"பொழுது சாய்வதற்குள் இவர்கள் பேசவில்லை என்றால், வீட்டை இடித்துக் கழுதை ஏர் பூட்டி ஆமணக்கு விதைப்பேன்!" என்றார் ராஜா.

மூக்காயியின் உதடு அசைந்தது. சிலம்பாயி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பெருமாண்டி கும்பிட்டார். "சந்தையிலே மாட்டுக்காரன் பேசமாட்டான் மகாராஜா. வாயைத் திறந்தா ஒவ்வொரு சொல்லிலேயும் மாட்டுக்கு ஒரு நோய் கண்டுபிடிப்பாங்க. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான், தரகன் பேசுவான். அதனாலே அது திருட்டு மாடு ஆயிடுமா? ராயர்கிட்டே ஒரு தராசு இருக்கு. சரிபார்க்காம நிறுக்கலாமா? பொய்யே சொல்லாத ரெண்டு பேரை வச்சு முதல்லே நிறுத்துப் பார்ப்போம்."

"யார் அந்த இரண்டு பேர்?"

"இந்தச் சீமையிலே வேற யாரு? மகாராஜாவும் மகாராணியும்தான்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எழுதடா! அந்தச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். காடைக் கறி சாப்பிட்டேன். தூங்கினேன்."

எழுத்தர் அந்தப்புரம் போய் வந்தார். ஓலையைப் பிரித்தார்.

"படி!"

"மகாராணி சொன்னது... அன்று அமாவாசை. எண்ணெயும் இல்லை, கறியும் இல்லை. மகாராஜா காலையில் ஆற்றங்கரையில் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்."

ராஜாவின் கை வாள் பிடிக்குப் போனது. சிலம்பாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ராயரே, உங்க தராசு என்ன சொல்லுது?" என்றார் பெருமாண்டி. "பொய் சொன்னது யாரு? மகாராஜாவா, மகாராணியா?"

மகுடராயருக்கு வேர்த்துக் கொட்டியது. "அது... இருவருமே..."

"இருவருமா!" என்று ராஜா கத்தினார். கத்தினவர் சட்டென்று நின்று, தன் விரலையே பார்த்தார். "எள் விடும்போது... தர்ப்பை போட்டுக்கொள்ள மோதிரத்தைக் கழற்றினேனே... எங்கே வைத்தேன்? அந்த எள்ளுச் சம்புடத்தைக் கொண்டுவாருங்கள்!"

அமாவாசைக்கு அமாவாசை மட்டும் திறக்கிற சம்புடம். மூடியைத் திறந்தார்கள். கறுப்பு எள்ளுக்குள்ளே மோதிரம் மின்னியது.

ராஜா மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டு, "நானே மறந்திருக்கிறேன். பயந்துபோன இந்த ஏழைகள் என்ன செய்வார்கள்? இனி வழக்குக்கு வருகிறவர் வாய் திறக்காமல் நிற்கலாம். அவருக்காகப் பெருமாண்டி பேசுவார். மகுடராயரே, நீர் மூன்று சந்தைக்கு மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நில்லும். பேச்சு மூச்சு கூடாது!" என்றார்.

அப்புறம் சிலம்பாயி பக்கம் திரும்பினார். "இப்போதாவது சொல் அம்மா. உன் புருஷன் எங்கே?"

அவள் சபையில் முதல் முறையாக வாய் திறந்தாள். "ஓலை."

"என்ன?"

"அவங்க மேலே யாரும் கை வைக்கமாட்டாங்கன்னு ஓலை எழுதி முத்திரை வச்சுக் குடுங்க மகாராஜா. அப்புறம் சொல்றேன்."

பெருமாண்டி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். ராஜா முத்திரை வைத்தே கொடுத்தார். சிலம்பாயி அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "அவங்க இருக்கிற இடம்..." என்று ஆரம்பிக்கவும், அதற்குள் வாசலுக்கே போய்விட்ட மூக்காயி போட்டாளே ஒரு கூப்பாடு! "அடியே சிலம்பாயி! ஓலைதான் கைக்கு வந்துடுச்சே, இன்னும் என்னடி பேச்சு? வா, போய்க் கூட்டிக்கிட்டு வருவோம்!" சொல்லவந்ததை அப்படியே விட்டுவிட்டு, ராஜாவுக்கு ஒரு கும்பிடுகூடப் போடாமல் அவள் ஓடின ஓட்டம் இருக்கிறதே, அதை அந்த மறதிக்கார ராஜாகூடக் கடைசிவரை மறக்கவில்லை.