கிழங்கு தோண்டத் தடை

ஒரு காட்டு ஏரியில் அல்லி என்று ஒரு நீர்நாய் இருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். ஏரிக்கரையின் வெளிச்சரிவில், தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து வளை தோண்டி, குட்டிகளை அங்கே வைத்திருந்தது.

அல்லி கெட்டிக்காரி. மற்ற மிருகங்களெல்லாம் ஏரிக்கு வரும், வயிறு முட்டக் குடிக்கும், வந்த வழியே போய்விடும். அல்லி அப்படியில்லை. தண்ணீர் எங்கே கலங்குகிறது, மீன் எப்போது குறைகிறது, கரை எந்த இடத்தில் கசிகிறது என்று தினமும் பார்த்து மனசில் போட்டு வைத்துக்கொள்ளும்.

அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் ஒரு நாள் அதற்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஏரியின் கரை வெறும் மண்கரை. அதில் ஒரு கல் கிடையாது. கரை முழுக்க முளைத்திருந்த கோரைப்புல்லின் வேர்தான் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கோரையின் அடியில் சின்னச் சின்னதாகக் கிழங்கு இருக்கும். காட்டுப்பன்றிகளுக்கு அது என்றால் உயிர். மூக்கால் கிளறிக் கிளறித் தின்றதில் பாதிக் கரை மொட்டையாகிவிட்டது.

‘இப்படியே போனால் ஐப்பசி மழைக்குக் கரை தாங்காது. கரை போனால் ஏரி போச்சு. ஏரி போனால் காட்டுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், சரிவில் கிடக்கிற என் பிள்ளைகள் போய்விடும்’ என்று நினைத்து நடுங்கியது அல்லி.

சரி, நடுங்கியது அல்லவா? உடனே என்ன செய்திருக்க வேண்டும்? பத்தடி தூரத்தில்தான் பன்றிகள் தோண்டிக்கொண்டிருந்தன. நேராகப் போய், “இந்த மாதிரி, இந்த மாதிரி” என்று சொல்லியிருக்கலாம். வாய் வலிக்கவா போகிறது? சொல்லவில்லை. ‘சேற்றில் புரளுகிற கூட்டம். இதுகளுக்கு என்ன விளங்கப் போகிறது?’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, புலிராசாவின் குகைக்குப் போய்விட்டது.

புலி முழுவதையும் கேட்டது.

“விஷயம் பெரிசுதான். ஆனா வெளியே விட்டுடாதே. கரை உடையப்போகுதுன்னு தெரிஞ்சா ஆளாளுக்குக் கிளம்பி வந்து என்னையே கேள்வி கேப்பாங்க. பேசாம தடை போட்டுடுறேன். போதுமில்ல?”

“போதும் ராசா. அதுங்களுக்கு விளக்கிச் சொன்னாலும் மண்டையில ஏறாது” என்றது அல்லி.

புலிக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடித்துப் போயிற்று. சபையில் தனக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லைக் காட்டி, “இனிமே உனக்கு இடம் இங்கேதான்” என்றது. அல்லிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஒரு காக்கை காடு முழுக்கப் பறந்து கத்தியது. “ஏரிக்கரையில் கிழங்கு தோண்டத் தடை! ராசா கட்டளை!” ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. கரையில் இரண்டு நரிகளைக் காவலுக்கு நிறுத்தினார்கள்.

பன்றிக் கூட்டத்துக்கு முள்ளன் என்று ஒரு தலைவன். அது நேரே அல்லியின் வளைக்கு வந்தது.

“அக்கா, நீங்க விவரம் தெரிஞ்சவங்க. எங்க பாட்டன் பூட்டன் காலத்திலேருந்து தின்ன கிழங்கு. திடீர்னு எதுக்குத் தடை?”

“ராசா சொன்னா காரணம் இருக்கும்.”

“அந்தக் காரணத்தைத்தானே கேக்குறேன்.”

அல்லி ஒரு குட்டியின் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் உனக்குப் புரியாது முள்ளா. தோண்டாதேன்னா தோண்டாதே. போ, வேலையைப் பாரு.”

முள்ளனின் முகம் சுருங்கிவிட்டது. திரும்பிப் போய்க் கூட்டத்திடம் நடந்ததைச் சொன்னது.

“புரியாதாமா? எனக்கு நல்லாவே புரியுது” என்றது ஒரு கிழட்டுப் பன்றி. “இந்த வருஷம் கிழங்கு நல்லா விளைஞ்சிருக்கு. பெரிய இடத்துக்குன்னு ஒதுக்கி வச்சிட்டாங்க.”

“புலி எங்கேயாவது கிழங்கு தின்னுமா?” என்று கேட்டது இன்னொன்று.

“தின்னாதுதான். நாம தின்னக்கூடாதுன்னு இருக்கும்ல?”

அவ்வளவுதான். அதுவரை பசித்தால் தோண்டியவை, இப்போது பசிக்காமலும் தோண்டின. கிழங்கின் ருசியைவிட வீம்பின் ருசி கூடிப்போயிற்று. நரிகள் மத்தியானம் தின்றுவிட்டு நிழலில் கண்ணயரும். அந்த நேரம் பார்த்து மொத்தக் கூட்டமும் கரையில் இறங்கும். குருத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

அல்லி இதைப் பார்க்காமல் இல்லை. புதுக் குழிகளைக் கண்ணால் கண்டது. சபைக்குப் போய், “காவலை இரட்டிப்பாக்கணும் ராசா” என்று சொல்லிவிட்டு வந்து, பிள்ளைகளுக்கு மீன் ஊட்டியது. அப்போதும் பன்றிகளிடம் வாயைத் திறக்கவில்லை. வளையை வேறு இடத்துக்கு மாற்றவும் இல்லை. அதுதான் தடை போட்டாயிற்றே, அப்புறம் என்ன பயம்!

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலை அல்லி சபையில் உட்கார்ந்திருந்தபோது ஏரிப்பக்கம் பெரிய சத்தம் கேட்டது. விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. கரை நடுவில் பிளந்து ஏரித் தண்ணீர் வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. வளை இருந்த சரிவையே காணவில்லை.

வெள்ளத்தின் ஓரத்தில் முள்ளன் நின்றிருந்தது. உடம்பெல்லாம் சேறு, ஒரு காது கிழிந்து தொங்கியது. அதன் காலடியில் நீர்நாய்க்குட்டி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணைத்தான் இழுக்க முடிஞ்சுது அக்கா. மத்த ரெண்டும் கண்ணு முன்னாலேயே போயிடுச்சு.”

அல்லி குட்டியை வாரி அணைத்துக்கொண்டு அலறியது. “பாவிகளா, நீங்க தோண்டித்தானே இப்படி ஆச்சு! அந்தக் கோரை வேர்தான் கரையைப் பிடிச்சிருந்துது. வேர் போனா கரை போயிடும்னு எனக்கு அப்பவே தெரியும்!”



“வேர் போனா கரை போயிடும்” என்று முள்ளன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. “இவ்வளவுதானா? இதுவா அக்கா எனக்குப் புரியாது?”

அல்லி குட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டது.

“எங்க பிள்ளைங்களும் இந்தத் தண்ணியைத்தானே குடிக்குது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே காவல் நின்னிருப்போமே” என்றது முள்ளன்.

பங்குனிக்குள் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. முதலில் வேறு காட்டுக்குக் கிளம்பியது புலிராசாதான். தண்ணீர் தேடி நடந்த பன்றிகளில் பாதி, வழியிலேயே விழுந்து செத்தன. அல்லியும் மிஞ்சிய ஒற்றைக் குட்டியோடு தண்ணீர் தேடி அதே வழியில்தான் நடந்தது.

தெரிந்ததை ஊராரிடம் சொல்லாமல் தடையை மட்டும் போட்டுவிட்டு, பிறகு ஊர் கெடுத்துவிட்டது என்று அழுகிறவருக்கே அந்தக் கேட்டில் முதல் பங்கு.