என்ஜின் ஆறட்டும்

ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. மலைமேல் இருந்த ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அங்கே பூசை. சிவகாமி அம்மை மடத்துக்குக் குரு. நாச்சிமுத்து அவருடைய சீடர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். லாரி ஓட்டிப் பிழைத்து, வண்டியையெல்லாம் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்தவர்.

ஒருநாள் விடியற்காலை அடுப்படியில் அவர் குரல் ஓங்கியது.

"கிண்டச் சொன்னா வாயைப் பாத்துக்கிட்டு நிக்கறே! அடிப்பிடிச்சா நீயா திங்கப்போறே?"

சமையல் செய்யும் வெள்ளையம்மா கரண்டியை எடுத்துக் கிண்டினாள். தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் அவர் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

நாச்சிமுத்து கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். பால் குடித்து முடித்த குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அம்மையின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, எனக்குக் காவி எப்போ கொடுப்பீங்க? என்கிட்ட என்ன குறைன்னாவது சொல்லுங்க."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நேத்தும் ஜீப்பு பாதி மலையில கொதிச்சு நின்னுபோச்சு. கஞ்சி போய்ச் சேர்றதுக்குள்ள ஆறி அவலாயிருச்சு. சேலத்துல ஒரு பழைய வேன் விலைக்கு வருதாம். அதுக்குத் தண்ணியே ஊத்த வேண்டாம், காத்துலயே என்ஜின் குளிரும்ங்கறாங்க. வாங்கண்ணா, பாத்துட்டு வரலாம்."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் வண்டி என்றதும் நாச்சிமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வேன் பளபளவென்று நின்றது. புதுப் பெயிண்ட். முகப்பில் மாலை, சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்தாயிற்று. விற்கிறவர் அர்த்தநாரி, சாவியை நீட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"வாங்க சாமி! சாவியைத் திருப்புங்க, பூ மாதிரி எந்திரிக்கும்."

நாச்சிமுத்து சாவியை வாங்கவில்லை. நேரே பின்பக்கம் போனார். அந்த வண்டிக்கு என்ஜின் பின்னால். மூடியைத் தூக்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறது போலப் புறங்கையை அதன்மேல் வைத்தார்.

"சுடுதே. எங்கே போயிட்டு வந்துச்சு?"

"எங்கேயும் போகலீங்க. ராகு காலம் வருதில்லீங்களா? அதுக்கு முந்தியே நல்ல நேரத்துல ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டேன்."

"எங்க நோயாளிங்களுக்கு ராகு காலத்துலயும் பசிக்குதே, என்ன பண்ண?"

அம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். திருப்புளியால் தகரத்தை அங்கங்கே குத்திப் பார்த்தார். துரு இல்லை. ஆனால் அவ்வளவு பழைய என்ஜினில் ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை.

"இதை யாரு தொடைச்சது?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு நான்தாங்க…"

"பொண்ணு பாக்கவா வந்திருக்கோம், பவுடர் போட்டு நிறுத்தறதுக்கு?" வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார். "சூடா இருந்தா எந்த என்ஜினும்தான் எந்திரிக்கும். என்ஜின் ஆறட்டும். அடியில ஒரு அட்டையை விரிச்சு வைங்க. நாளைக்கு விடியக்காலம் வர்றேன். அதுவரைக்கும் சாவியும் போடக்கூடாது, துணியும் போடக்கூடாது."

அர்த்தநாரியின் முகம் வாடியது. "ஒழுகினா வேண்டாம்னுருவீங்களே, சாமி."

"பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும். எங்கேன்னு தெரிஞ்சா வெச்சுக்கலாம். தெரியலைன்னாதான் பயம்."

மறுநாள் இருட்டோடு இருவரும் கிளம்பினார்கள். அந்த அவசரத்திலும் நாச்சிமுத்து குளிக்காமல், திருநீறு பூசாமல் அம்மையின் எதிரில் வரவில்லை.

அட்டையில் கறுப்பாகச் சொட்டு விழுந்திருந்தது. அர்த்தநாரி அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாச்சிமுத்து குனிந்து, சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே விரலால் தடவினார். என்ஜினின் கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். அசைவு இல்லை, சத்தம் இல்லை; உள்ளே தேய்மானம் இல்லை. பிறகு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

வண்டி இருமியது. நின்றது. மறுபடி இருமியது. உடம்பு முழுக்க உதறி, புகையைக் கக்கி, தெருவையே எழுப்புவது போலக் கத்தியது. அர்த்தநாரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நாச்சிமுத்து மட்டும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கத்தல் அடங்கி, அம்மியில் அரைக்கிற மாதிரி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

"இதுதாம்மா இதோட நிஜக் குரல். எண்ணெய் வால்வு மூடி ஓரத்துல சொட்டுது. பேக்கிங் மாத்தினா அடங்கிரும். எத்தனை அண்டா கஞ்சி ஏத்தினாலும் மலை ஏறும். வாங்கிக்கலாம்."

"நீங்க சொன்னா சரிதாண்ணா" என்றார் அம்மை.

பேசி முடித்து, வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு திரும்பினார். மலை கண்ணுக்குத் தெரிந்ததும் பழைய கேள்வி தொண்டைக்கு வந்தது.

"அம்மா, நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை."

அம்மை மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு விடியக்காலம் என்கிட்ட வாங்கண்ணா. எந்திரிச்சதும் அப்படியே வாங்க. குளிக்க வேண்டாம்."

நாச்சிமுத்து கியரை மாற்றினார். விடியற்காலையில் தான் கத்துகிற அடுப்படிக்கும் அம்மை படுக்கிற அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வண்டி மடத்துக்குப் போகிற மேட்டில் ஏறியது.

"ஒழுகுமே, அம்மா."

"எங்கேன்னு தெரிஞ்சா வெச்சுக்கலாம்."