முகத்துவாரத்தை மறித்த மடவை

"தள்ளுங்கண்ணே! முகத்துவாரம் மூடப் போகுது!" என்று கத்தினாள் வெள்ளாச்சி. அவள் வயிறு நிறைய முட்டை.

தடியன் நகரவில்லை. அந்த உப்பங்கழியில் இருந்த மடவை மீன்களில் அவன்தான் பெரியவன். கடலுக்குப் போகிற வழி ஒரு முழம்தான் மிச்சம். அதில் குறுக்கே நின்றான். பெரியவனைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்பது மடவைகளின் வழக்கம். என்ன வழக்கமோ!

"இன்னும் ஒரு வாரம் மேயுங்க. மழைத்தண்ணி இருக்கறப்பதான் உடம்பு ஏறும். அப்புறம் போலாம்."

"மணல் ஏறுதுண்ணே! முட்டையைக் கடல்லதான் விடணும். இங்க விட்டா ஒண்ணும் பொரியாது!"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

கரையில் இருந்த நண்டுக்கு உண்மை தெரியும். போன வருஷம் தடியன் கடலுக்குப் போனான். வேறு கரை மடவைகள் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அவனைப் போல இரண்டு மடங்கு. "டேய் பொடியா, ஓரமாப் போ!" என்றன. அன்றைக்கே திரும்பி ஓடி வந்துவிட்டான். இங்கே இருந்தால் அவன் ராஜா. அவ்வளவுதான் காரணம்.

"உனக்குப் பயம்னா நீ இரு. அவங்களை ஏன்டா மறிக்கிற? விலகு!" என்றது நண்டு.

"பக்கவாட்டுல நடக்கறவன்லாம் எனக்கு வழி சொல்றான்!" என்றான் தடியன்.

பின்னால் காத்து நின்ற மடவைகள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மேயப் போனார்கள். வெள்ளாச்சியும்தான்.

ஆறாம் நாள் மணல் மூடியது.

கோடையில் தண்ணீர் வற்றி உப்பேறியது. யாரும் ஒரு நூல் அளவுகூட வளரவில்லை. வெள்ளாச்சியின் முட்டைகள் வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோயின.

அடுத்த மழைக்கு வழி திறந்தது. வருஷா வருஷம் கடலில் பொரிந்த விரல் நீளக் குஞ்சுகள் கூட்டமாக உள்ளே வரும். இந்த வருஷம் ஒன்றுகூட வரவில்லை. கழியில் பெரிசுகள் இருந்தன, நடுத்தரம் இருந்தது, பொடிசு இல்லை.

வெள்ளாச்சி முகத்துவாரத்திலேயே கிடந்தாள். "என் புள்ளைங்க ஏண்ணே வரல?" என்று தடியனிடம் கேட்டாள்.

"நான்தான் மறிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா. அதையாவது செய்!" என்றது நண்டு.

"இந்த வருஷம் மழை சரியில்ல" என்றான் தடியன்.

வழியை மறிக்கிறவன் விலகட்டும் என்று நிற்காதீர்கள், முட்டி மோதித் தாண்டிப் போங்கள். விலகச் சொன்னாலும் விலக மாட்டான், தப்பை ஒத்துக்கொள்ளச் சொன்னால் அதையும் செய்ய மாட்டான்.