தப்பே இல்லாத பக்கம்

"டீச்சர், உங்க புது சிஸ்டத்துக்குத் தமிழே தெரியல!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி நல்லசிவம் சொன்ன முதல் வார்த்தை இது.

உள்ளே ஜெசிந்தா டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. வேற என்னதான் தெரியுதாம் அதுக்கு?"

"என்னத்தயோ உளறுது. என் ஃபைலைத் திறந்து வாசின்னா, 'ஏ'ங்குது, 'பி'ங்குது, 'டாலர்'ங்குது, 'கமா'ங்குது. கல்யாணப் பத்திரிகைல டாலர் எங்க டீச்சர் வந்தது?"

டீச்சர் சிரித்தார். கீரைக் காம்பைத் தடவிப் பார்த்து ஒதுக்கிப் போட்டார்.

நல்லசிவம் தென்காசியில் டிடிபி கடை வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கருமாதிக் கார்டு என்று ஊரில் ஒரு நல்லது கெட்டது அவர் விரல் படாமல் நடந்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, கை அப்படி. பேசுகிற வேகத்தில் அடிப்பார்.

கண்தான் கைவிட்டுக்கொண்டிருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். "இருக்கிற பார்வையைக் காப்பாத்தப் பாக்கோம்" என்றார் டாக்டர். முடியுமா என்று கேட்டதற்கு அவர் வேறு எதையோ எழுத ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நல்லசிவம் நினைத்துப் பார்த்துவிட்டார். ஒரு நாற்காலி. யாராவது வந்து காப்பி டம்ளரைக் கையில் பிடித்துக் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

அப்போதுதான் யாரோ ஜெசிந்தா டீச்சரைப் பற்றிச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பிறவியிலேயே பார்வை கிடையாது. நல்லசிவத்தின் கடைசித் தங்கச்சி வயசுதான் இருக்கும்.

முதல் நாள் வந்தபோது அவர் பார்த்தது ஒரு மேசை, ஒரு கீபோர்டு, ஒரு சிபியு பெட்டி, ஒரு ஸ்பீக்கர்.

"மானிட்டர் எங்க டீச்சர்? ரிப்பேருக்குப் போயிருக்கா?"

"எனக்கு எதுக்கு அது? இடத்தை அடைக்கும்."

அடேயப்பா! அந்த மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டரில் டீச்சர் மதிப்பெண் போட்டார், ரயிலுக்கு டிக்கெட் எடுத்தார், யாருக்கோ வாழ்த்து அனுப்பினார். எழுத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும் ஒரு குரல் ஸ்பீக்கரில் ஓட்டமாய் ஓடியது. நல்லசிவத்துக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. டீச்சருக்கு அதுவே மெதுவாம். இந்தப் பெண்ணின் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாலும் தகும் என்று அவருக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது.

டீச்சர் கடைக்கே வந்து, அதே மாதிரி வாசித்துச் சொல்லும் லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தார். நல்லசிவத்தின் கம்ப்யூட்டர் அரதப்பழசு. புதுசில் அதைத் தவிர வேறெதுவும் அதில் ஏறாது.

"பழசை அழிச்சிருவீங்களா டீச்சர்?"

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல புதுசா ஒரு ரூம் கட்டுவோம்."

அப்படியே ஆயிற்று. இப்போது பெட்டியைப் போட்டால் ஒரு 'பீப்' கேட்கும். இரண்டு சிஸ்டத்தின் பெயரும் மேலும் கீழுமாக வந்து நிற்கும். கீழே போகும் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் புதியது. ஒன்றும் செய்யாமல் இருந்தால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது தானாகப் பழையதற்குள் போய்விடும்.

அந்தப் புதிய சிஸ்டத்துக்குத்தான் தமிழ் தெரியவில்லை என்று இன்றைக்குப் புகார்.

"அண்ணாச்சி, உங்க பழைய ஃபான்ட் எல்லாம் வேஷம். உள்ள இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ்ச் சட்டை. சட்டை கண்ணுக்குத்தானே தெரியும்?"

நல்லசிவம் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப இத்தனை வருசமா நான் அடிச்சது தமிழே இல்லையா?"

"கண்ணுக்கு அடிச்சீங்க."

"இனிமே?"

"காதுக்கு அடிங்க."

பழைய ஃபைல்களை, உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோடாக மாற்ற ஒரு புரோகிராம் இருக்கிறது என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார். இனி அடிப்பதை மட்டும் புதியதில் யூனிகோடிலேயே அடிக்க வேண்டும்.

நல்லசிவம் தலையாட்டினார். பிறகு ஞாபகம் வந்து, "சரி டீச்சர்" என்று வாயால் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றியிருந்தார்.

"டீச்சர், கை கேக்கமாட்டேங்குது."

"என்ன பண்ணுது?"

"நான் டைப்ரைட்டர்ல படிச்சவன். 'கெ' அடிக்கணும்னா மொதல்ல கொம்பு, அப்புறம்தான் 'க'. இங்க என்னடான்னா மொதல்ல 'க', அப்புறம்தான் கொம்புக்குப் பதிலா 'எ'. கொம்பு முன்னாடி அடிச்சே பழகின கை. ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டை போடுது."

"சண்டை போடட்டும்."

"கஸ்டமர் முன்னாடி உக்காந்திருக்கான் டீச்சர்! பிரஸ்ஸுக்கு நேரமாச்சு, முகூர்த்தம் நெருங்கிருச்சுங்குறான். நான் அந்த இடத்துல எழுத்துக்கூட்டிக்கிட்டு இருக்க முடியுமா? காலையில சாமி கும்பிட்டுட்டு, இன்னைக்குப் புதுசுலதான்னு பெட்டியைப் போடுதேன். யாராவது வந்து நிக்கான். நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசிட்டுக் குனிஞ்சா, அது பழசுக்குள்ள போயாச்சு."

"போனா?"

"போனா போகட்டும்னு அடிச்சிருதேன். கண்ணுதான் இன்னும் கொஞ்சம் தெரியுதே."

ஸ்டவ்வில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு டீச்சர் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார்.

நல்லசிவத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"பழசை அழிச்சிருங்க டீச்சர். அது இருக்கிற வரைக்கும் எனக்குப் புத்தி வராது."

"அது உங்களுக்குச் சோறு போடுது. அதை ஏன் அழிக்கணும்?"

"அப்ப நான் எப்படித்தான் தேறுறது?"

"எங்கிட்டயும் ரெண்டு சிஸ்டம் இருக்கு அண்ணாச்சி. ஆபீஸ் வேலை சிலது பழசுலதான் ஓடும். 'பீப்' கேக்கும், வேணுங்கிறதுக்குள்ள போவேன், வருவேன்."

"நீங்களும் நானும் ஒண்ணா டீச்சர்!"

"ஒரு பக்கம்" என்றார் டீச்சர். "ஒரே ஒரு பத்திரிகை. புதுசுல, காதால கேட்டு அடிங்க. அடிச்சு எடுத்துட்டு வாங்க."

நல்லசிவம் கடைக்குப் போய் உட்கார்ந்தார். உட்காராமல் இல்லை. கடையின் கதவை ஒருக்களித்துச் சாத்தினார், மானிட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். அம்புக்குறியைத் தட்டினார். குரல் வரவேற்றது.

முதல் வரி அடித்தார். குரல் வாசித்ததைக் கேட்டுத் தானே பதறிப்போனார். அழித்தார். மறுபடி அடித்தார். இந்தத் தடவை இன்னும் மோசம். மவுசைத் தேடிக் கை தானாகப் போயிற்று. துண்டைக் கொஞ்சமாய் விலக்கினார். தப்பைப் பார்த்தார். துண்டை முழுசாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்குமேல் நடந்ததை அவர் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். அது தானாகப் பழையதற்குள் போனது. மூக்கு மானிட்டரில் இடிக்கிற மாதிரி குனிந்து, ஒரு பத்திரிகையைக் கடகடவென்று அடித்து முடித்தார். டீச்சர் கொடுத்த புரோகிராமில் போட்டு யூனிகோடாக மாற்றினார். பென்டிரைவில் ஏற்றினார்.

எங்கே அடித்தால் என்ன, கடைசியில் யூனிகோடுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டீச்சருக்கு எப்படித் தெரியப்போகிறது?

மறுநாள் சாயங்காலம் டீச்சர் வீட்டில் பென்டிரைவை நீட்டினார். டீச்சர் அதைத் தடவி வாங்கிச் சொருகினார்.

குரல் வாசிக்க ஆரம்பித்தது. மணமகன் பெயர், மணமகள் பெயர், தாய்மாமன்மார் வரிசை, முகூர்த்த நேரம், மொய் வேண்டாம் என்ற அடிக்குறிப்பு வரைக்கும் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. நல்லசிவத்துக்கே பெருமையாக இருந்தது. தான் அடித்த ஒரு பக்கத்தை முழுசாகக் காதால் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

வாசித்து முடிந்தது.

"அழகா இருக்கு" என்றார் டீச்சர்.

நல்லசிவத்துக்கு மூச்சு வந்தது.

"எப்ப பழசுக்குப் போனீங்க அண்ணாச்சி?"

வந்த மூச்சு நின்றுபோயிற்று.

"டீச்சர்..."

"கடையில யாரும் எங்கிட்ட வந்து சொல்லல. நானாத்தான் கேக்கேன்."

"எப்படி டீச்சர் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு தப்புகூட இல்லையே."

நல்லசிவம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். டீச்சர் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதன் முதுகைத் தட்டினார்.

"உக்காருங்க."

"இதுலயா? இதுல மானிட்டரே இல்லையே."

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். எதிரே வெறும் சுவர். எங்கே பார்ப்பது என்று கண் அலைந்தது. வெள்ளைச் சுண்ணாம்பில் பார்க்க ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அது அலைவதை விட்டுவிட்டது.

"என்ன அடிக்க டீச்சர்?"

"மனசுல என்ன இருக்கோ அதை."

அவர் மனசில் பல நாளாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'வேலை போயிருமோ.' அதையே அடித்தார். விரல் பழைய பழக்கத்தில் ஓடியது. பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, எல்லாக் கொம்பும் முன்னாடி போய் நிற்கிறது. ஆனால் எதைப் பார்த்துத் திருத்த? அடித்து முடித்துக் கையை எடுத்தார்.

குரல் கொஞ்சமும் கூச்சமில்லாமல் வாசித்தது.

"ஏவைல ஏபாயிருஏமா."

நல்லசிவத்துக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

"என்ன கண்றாவி இது! ஏவைலயாம், ஏபாயாம். என் கையா டீச்சர் இது? அழிச்சிருதேன், அழிச்சிருதேன். எந்தக் கீ?"

கீபோர்டில் பதறிக்கொண்டிருந்த அவர் கையின் மேல் டீச்சர் தன் கையை வைத்தார். டீச்சர் முகம் மலர்ந்திருந்தது.

"அழிக்காதீங்க அண்ணாச்சி. நீங்க காதுக்கு அடிச்சது இதுதான்."